பேய் பிஸ்கட் படையல்

மகள் சாந்தினியின் பிறந்தநாள் விருந்துக்காகப் புஷ்பவள்ளி பேய் வடிவத்தில் பிஸ்கட் சுட்டாள். எது செய்தாலும் செத்துப்போன கணவருக்குத்தான் முதல் படையல். பாலம் தாண்டி ஜுருவில் இருக்கும் பேக்டரிக்குக் கடைசியாக வேலைக்குப் போன அன்று, அவளோடு சண்டை போட்டுச் சாப்பிடாமலே போன மனுஷன். அந்த உறுத்தல் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

“பேயையே அப்பாவுக்குப் படைக்கிறியா? கோவிச்சுக்கப் போறாரு லா!” என்று சாந்தினி சிரித்தாள்.

“வாய மூடுடி.”

பிஸ்கட் தட்டை அறையில் அவர் படத்தின் முன் வைத்தார்கள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கம்போல் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்கள். வாசலில் சொந்தக்காரர்களின் கார் வந்து நின்றது.

“ஆளுங்க வந்துட்டாங்கம்மா, ரூம் கதவத் திறக்கவா?”

ஆளில்லாத அறைக்குள் பிஸ்கட் மொறுமொறுவென்று கடிபடும் சத்தம் கேட்டது.

புஷ்பவள்ளி மகளின் கையைப் பிடித்தாள்.

“இரு. இன்னும் முடிக்கல.”