குதிகாலில் நீலம்

இப்போதெல்லாம் எவரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கேள்வியை இவரிடம் கேட்டுவிட்டுப் பதிலைக் கம்ப்யூட்டரிடம் வாங்கிக்கொள்கிறார்கள். பெற்ற மகளே அப்படித்தான்.

"அம்மா குதிகால் வலிக்குதுன்னு சொன்னாங்களாப்பா?" என்றாள் கோகிலவாணி, திரையைப் பார்த்தபடி.

"அதான் காலே மரத்துக் கெடக்குதே. வலி எங்க தெரியுது?"

சர்க்கரை. போன வருசம் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இப்போது வலது கால். புண் இல்லை, வீக்கம் இல்லை. மகளுக்குத்தான் சந்தேகம், உள்ளே புண் வைக்கிற இடம் முதலில் சூடாகுமாம். அவள் ஆபீசில் சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா இருக்கிறதாம். கூட்டிக்கொண்டு வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவர் மனைவி ராமாத்தாள் காலை நீட்டிக் காட்டிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

திரை முழுக்க எண்கள்.

எண் அவருக்குத் தெரியும். முப்பத்தொன்று. முப்பத்தொன்று. முப்பது. காயப்போட்ட நெல் மாதிரி பரந்து கிடந்தன.

"இதா உங்கொம்மா காலு?"

"ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளியோட சூடுப்பா. இருங்க, கலர் குடுத்தா உங்களுக்கே தெரியும். சூடு கூடுனா செவப்பு. கொறைஞ்சா நீலம்."

நாலு வரி தட்டினாள்.

எண்கள் போய்ப் பாதம் வந்து நின்றது. பச்சைப் பாதம். குதிகாலில் மட்டும் நீலம், கிணற்றுத் தண்ணீர் தேங்கினாற்போல.

அவருக்கு மூச்சு வந்தது.

"பாரு, சில்லுனு கெடக்குது. நான் அப்பவே சொன்னேன்."

மகள் மறுபடி எண்களுக்குப் போனாள். குதிகால் இருந்த இடத்தில் முப்பத்தாறு. பக்கத்திலும் முப்பத்தாறு.

"தப்பாயிருச்சுப்பா. நான் செவப்புல ஆரம்பிச்சு எழுதியிருக்கேன். இது மொதல் கலரைக் கொறைஞ்ச சூட்டுக்கு வெச்சுக்குது. ரெண்டும் இடம் மாறிப்போச்சு."

ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள்.

நீலம் இருந்த இடத்தில் சிவப்பு.

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதே கால். அதே எண்கள். வெளியே ராமாத்தாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையக்கூட இல்லை.

"பழையபடி ஆக்கு."

"அப்பா..."

"முதல்ல வந்ததுதான் சரி. அதுவாத்தானே நீலம்னு சொல்லுச்சு? நீ கைய வெச்சே, மாறிருச்சு. இதைப் பாத்துட்டு அறுக்கோணும்பானுங்க."

"கலர் நாம குடுக்கறதுப்பா. எண்ணு மாறல."

நாம் கொடுப்பதாம். அப்படியானால் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? நீலத்துக்கு என்ன பஞ்சம்?

அப்போதுதான் அவள் திரையைவிட்டுத் திரும்பினாள்.

அவர் முகத்தைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னைய எதுக்குப் பாக்கறே? அங்க பாரு," என்றார் திரையைக் காட்டி.

அவள் பார்வையை எடுக்கவில்லை.

விருட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டார்.

ராமாத்தாள் நிமிர்ந்தாள். "என்னங்க சொன்னா புள்ள?"

"அவளுக்கே ஒண்ணும் தெரியல. ஒருக்கா நீலங்கறா, ஒருக்கா செவப்புங்கறா. கெளம்பு, பஸ்ஸு போயிரும்."

குனிந்து அவள் வலது காலில் செருப்பை மாட்டிவிட்டார்.

வாரை மட்டும் பிடித்து, விரல் நுனியால்.

குதிகாலில் கை படாமல்.