சிலுவைதாசன் சிரித்தான்

“ஏட்டி செல்வி, இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாண்டாம். எனக்கு சரியாயிட்டு.”

சகாயசெல்விக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈஸ்டர் கழிந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த புருஷன் சிலுவைதாசன், குளித்து, முகம் வழித்து, வாசலில் நின்று சிரிக்கிறான்!

என்ன பாடு பட்டுவிட்டாள் அவள்! அவன் கடலுக்குப் போவதில்லை. சோறு இறங்குவதில்லை, உறக்கமும் இல்லை. சோம்பேறி என்றது ஊர். செய்வினை என்றாள் மாமியார். “இது மனசுல உள்ள சீக்கு, டாக்டர பாக்கணும்” என்று சொன்னது வீடு வீடாக வரும் நர்ஸ் மட்டும்தான். அவள் பேச்சைக் கேட்டுத்தான் நாகர்கோவிலில் இன்றைக்கு டோக்கன் எடுத்திருந்தாள் செல்வி.

“நெசமாவே சரியாயிட்டா?”

“நெசமாட்டு. மனசு இப்பம் லேசா இருக்கு பிள்ளே.”

மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் கேட்டு வாங்கித் தின்றான். மகளை மடியில் இருத்திக் கொஞ்சினான். கைராசி போய்விடும் என்று யாரையும் தொடவிடாத தன் தூண்டில்களைத் தம்பி சிஜோவைக் கூப்பிட்டுக் கொடுத்தான்.

“வச்சுக்கலே மக்கா, இனி ஒனக்குத்தான்.”

சிஜோவுக்கே கண் நிறைந்துவிட்டது.

மாதா கண் திறந்துவிட்டாள்! டோக்கன் வேண்டாம் என்று போன் பண்ணிவிட்டு, மெழுகுதிரி கொளுத்தக் குருசடிக்கு ஓடினாள் செல்வி. மகளையும் மாமியாரையும் கையோடு கூட்டிக்கொண்டாள்.

அங்கே லிஜா நின்றிருந்தாள். போன ஆடியில் வள்ளத்திலிருந்து தவறிக் கடலில் விழுந்து செத்தவன் அவள் புருஷன். அவளிடம் போய்த் தன் சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது செல்விக்கு. ஆனாலும் வாய் நிற்கவில்லை. சிரித்தது, தின்றது, தூண்டிலைக் கொடுத்தது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

லிஜாவின் முகம் வெளிறியது.

“அண்ணன் இப்பம் எங்க?”

“வீட்டுல தனியாத்தான் இருக்காரு. செத்த நேரம் உறங்கட்டும்னு...”

“ஐயோ! ஓடி வாங்கக்கா. இப்பமே டாக்டருட்ட கொண்டுபோணும்!” அவள் கையைப் பிடித்து இழுத்தாள் லிஜா.

“ஏட்டி, சரியான ஆளுக்கு எதுக்கு டாக்டரு?”

“எனக்க ஆளு தவறி விழலக்கா, அவராத்தான் குதிச்சாரு. கல்லறைத் தோட்டத்துல எடம் தரமாட்டாவளோன்னு பயந்து அப்பிடி சொன்னேன். அண்ணைக்கு காலையில அவரும் இப்பிடித்தான், மனசு லேசா இருக்குன்னு சிரிச்சாரு.”