ரூபாய்க்கு ஏழு படி

முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் சாலோமி அந்தக் கடைக்குள் காலை வைத்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அவள் ஒன்றும் திருட வரவில்லை. பேரம் பேச வந்திருந்தாள். உபதேசியார் சத்தியநேசனின் மனைவி உள்ளூர்க் கடையில் அரிசிக்கு மல்லுக்கட்டினால் அடுத்த ஞாயிறு வேதக்கோயிலில் அவர் பிரசங்கத்தை யார் கேட்பார்கள்? அதனால்தான் மூன்று மைல் நடந்து, தன்னை யாருக்கும் தெரியாத பேட்டைக்கு வந்திருந்தாள்.

இடுப்பு முடிச்சில் மூன்றரை ரூபாய் இருந்தது. அதற்குள் மாதத்துக்கு இருபத்தொரு படி அரிசியும் வாங்க வேண்டும், எட்டணா மிச்சமும் பிடிக்க வேண்டும். பாளையங்கோட்டை போர்டிங்கில் படிக்கும் மகள் ஜெபகனிக்கு ஒன்றரை ரூபாய் பீஸ் பாக்கி. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் பிள்ளையை வந்து அழைத்துப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. சனிக்கிழமை வரும் சம்பளத்தில் ஒரு ரூபாய் ஒதுக்கலாம். மீதி எட்டணா இந்த அரிசியில்தான் விழ வேண்டும்.

சிக்கனத்தில் சாலோமியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட மட்டும் மறக்கமாட்டாள். சபையில் எல்லா வீட்டிலும் அந்த வழக்கம்தான். மாதக் கடைசியில் கோயிலிலிருந்து வந்து கலயத்தைக் காலி செய்துகொண்டு போவார்கள். அப்புறம் அது கர்த்தருடைய அரிசி. அது எங்கே போகிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

முதலில் பார்த்த ஹாஜா கடையில் ரூபாய்க்கு ஆறு படி. அடுத்த கடையில் ஆறேகால், ஆனால் பாதி நொய். இந்த மூன்றாவது கடை பிச்சைக்கண்ணுவுடையது. ஆறரைப் படி என்றார்.

சாலோமி ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பினாள். “என்ன அண்ணாச்சி, செவப்பும் வெள்ளையும், குண்டும் சன்னமுமா கெடக்கு? ஊர்ல உள்ள அரிசி பூரா இங்கனதான் வந்திருக்கு போல.”

“கலப்பரிசிதான், தாயீ. அதனாலதான் ஆறரைப் படி.”

“ஏழு போடுங்க.”

“நல்லாருக்கே! நான் எடுக்கதே ஏழு படிக்குத்தான். ஒங்களுக்கும் ஏழு போட்டா நான் மண்ணையா திங்க?”

“அப்பம் வேண்டாம்.”

விருட்டென்று திரும்பி நடந்தாள். அவர் கூப்பிடாவிட்டால் ஜெபகனியின் படிப்பு அவ்வளவுதான். ஒவ்வொரு எட்டையும் எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒன்பதாவது எட்டில் குரல் வந்தது.

“நில்லுங்க, தாயீ! கோவத்தப் பாரு. சரி, ஏழு படிக்கே வாங்கிட்டுப் போங்க.”

பிச்சைக்கண்ணு அளந்து முடிக்கிற வரைக்கும் புலம்பிக்கொண்டே இருந்தார். சாலோமிக்கு மனசு கேட்கவில்லை. எட்டணா மிஞ்சிய சந்தோஷம் வேறு. கையில் காசு இல்லாதவள், யோசனையை வாரி வழங்கினாள்.

“எதுக்கு அண்ணாச்சி அழுதிய? நீங்க வாங்குத எடத்துல அடிச்சுக் கேளுங்க. ஒரு கை அள்ளிப் பரப்பிக் காட்டுங்க. ஒண்ணு வேகுததுக்குள்ள இன்னொண்ணு கொழைஞ்சு போகுது, இது கோழிக்குத்தான் ஆகும்னு சொல்லுங்க. மசியலேன்னா பேசாம எந்திரிச்சு நடந்திருங்க. பத்து எட்டுக்குள்ள கூப்பிடலேன்னா என்னைக் கேளுங்க.”

பிச்சைக்கண்ணுவின் முகம் தெளிந்தது. “நாளைக்குத்தான் சரக்கெடுக்கப் போணும். சொல்லிப் பாக்கேன், தாயீ.”

ஊர்ப்பக்கம் போன மாட்டுவண்டியில் மூட்டையோடு ஏறிக்கொண்டு, வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சத்தியநேசன் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தார். சாலோமி அந்த எட்டணாவை எடுத்து வைத்துக்கொண்டு பெருமையாகக் காத்திருந்தாள். அவர் பாயில் வைத்த ரூபாய்களை எண்ணினாள். எட்டுதான் இருந்தது.

“ஒரு ரூவா கொறையுதே?”

“இந்த மாசம் உபதேசிமார் எல்லாருக்குமே ஒரு ரூவா கொறைச்சல். கைப்பிடி அரிசி வெலை போகல.”

“அதுக்கும் நம்ம சம்பளத்துக்கும் என்ன?”

“என்ன இப்பிடிக் கேக்க? சீமையில இருந்து வந்த பணம் நின்னு ஆறு மாசமாச்சுல்லா. இப்பம் அந்த அரிசிய வித்த காசுலதான் நமக்குச் சம்பளமே.”

சாலோமியின் கண் மூலையிலிருந்த கலப்பரிசி மூட்டைக்குப் போனது. சத்தியநேசன் கவனிக்கவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“மாசாமாசம் பேசாம எடுத்துட்டுப் போற பேட்டைக் கடைக்காரருதான். நேத்து ஒரு கை அள்ளிப் பரப்பிக் காட்டி, இது கோழிக்குத்தான் ஆகும்னுட்டாராம். வெலையக் கொறைக்க முடியாதுன்னதும் எந்திரிச்சு நடந்துட்டாராம். ஒம்பது எட்டு வச்சிருப்பாரு, குருவானவரே ஓடிப்போயிக் கூப்பிட்டிருக்காரு. பிள்ளை பீஸுக்கு நெனைச்ச ரூவா அதோட போச்சு.”

எட்டணா சாலோமியின் கைக்குள் வேர்த்துப் போயிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

“வாயில்லாப் பூச்சியா இருந்த மனுசனுக்கு, இந்த வித்தையெல்லாம் எவன் சொல்லிக் குடுத்தானோ!”