ஒரே எண், இரண்டு மேசை

"எனக்குத் தனி நம்பர் குடுத்துடுங்க" என்றாள் சந்தானலட்சுமி. புதிய தொலைபேசியைப் பொருத்திக்கொண்டிருந்தவர் தலையாட்டி மறுத்தார். "பிரிவுக்கு ஒரே நம்பர்தான்னு மேனேஜர் சொல்லிட்டாரும்மா. மணி அடிச்சா ரெண்டு மேசையிலயும் அடிக்கும். ரெண்டு பேரும் எடுத்தா ரெண்டு பேருக்கும் கேக்கும்." இன்னொரு மேசை எதிர்மூலையில் இருந்தது. அது பரந்தாமனுடையது. விவாகரத்தான இந்த நான்கு வருடங்களில் அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. கோப்புகளில் குறிப்பு எழுதி அனுப்பிக்கொள்வார்கள்.

பொருத்தியவர் கிளம்பிய சிறிது நேரத்தில் மணி அடித்தது. இருவருமே எடுத்துவிட்டார்கள். "ஆபீஸுங்களா? சந்தானலட்சுமி மேடம் இருக்காங்களா?" மகளின் குரல்.

"நான்தான்டி, சொல்லு."

"செல்லை எடுக்கவே மாட்டேங்கிறியேம்மா. என்னைக் கப்பல் வேலைக்கு எடுத்துட்டாங்க! ஒன்பது மாசம் கடல்லதான். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. போகக்கூடாதுன்னு குதிப்பாரு. நீ சொல்றியாம்மா?"

சந்தானலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். பரந்தாமன் ரிசீவரின் வாயை உள்ளங்கையால் இறுக மூடியிருந்தான். காதிலிருந்து எடுக்கவில்லை.

"நீயே சொல்லு" என்றாள், அவன்மீதிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்டுக்குவாரு."

அவன் கையை மெல்ல விலக்கினான்.