பெரிய டர்போ கேட்ட சின்ன டர்போ

ஒரு காருக்குள்ளே பிஸ்டனும், இன்ஜினுக்குக் காற்றை ஊதித் தரும் சின்ன டர்போவும் குடியிருந்தன. காரின் வேகத்தைக் கூட்ட, அதன் கம்ப்யூட்டர் செட்டிங்கை மட்டும் மாற்றுவதா, பெரிய டர்போ மாட்டுவதா என்று மெக்கானிக் ஷெட்டில் பேச்சு நடந்தது.

"பெரிய டர்போதான் வேணும்! அப்புறம் பாரு நம்ம வேகத்தை" என்று குதித்தது டர்போ.

"ஓடுறப்போ எனக்கு இப்பவே லேசா டொக்கு டொக்குன்னு தட்டுது. தாங்க மாட்டேன்பா" என்றது பிஸ்டன்.

"வாயை மூடிக்கிட்டுக் கிட. மெக்கானிக் காதுல விழுந்திடப் போகுது."

"சரி, மூடிக்கிறேன். பெரிய டர்போ வந்தா உன்னை எங்கே வைப்பாங்க?"

டர்போ அதுவரை அதை யோசிக்கவே இல்லை. ஷெட்டின் மூலையில் பழைய இரும்பு குவிந்து கிடந்தது.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டார். நீள ஸ்க்ரூ டிரைவரை அதன்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தார்.

"பிஸ்டன் அண்ணே, கொஞ்சம் பலமாத் தட்டுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சியது டர்போ.

பிஸ்டன் தட்டியது.

"உள்ளே தட்டுதுங்க. பெரிய டர்போ தாங்காது. இதைச் சரிபண்ணிட்டு செட்டிங்கை லேசா மாத்தினாப் போதும்" என்று கார்க்காரரிடம் சொன்னார் மெக்கானிக்.

டர்போ உஸ்ஸென்று மூச்சு விட்டது. ஓடிய நாளெல்லாம் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. நிம்மதியாக விட்டது அன்றைக்குத்தான்.