நேராக ஓடிய வண்டி

"முதல் பரிசு வாங்கிட்டு யாராவது மூக்கைச் சிந்துவாங்களாடி, குருவி?"

நாலாம் வகுப்பு டீச்சர் சிரித்தபடிதான் கேட்டார். குருவி நிமிரவில்லை. மடியில் பரிசுக் கோப்பை. காலடியில் அவள் செய்த அட்டை வண்டி. மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாடத்தின் பெயர் வடிவமைப்பும் தொழில்நுட்பமும். பிள்ளைகளுக்கு அது 'வெட்டி ஒட்டுற பீரியட்'. வீட்டில் யாராவது ஒருவருக்காக, ரப்பர் பேண்டில் ஓடும் வண்டி செய்ய வேண்டும் என்பது இந்த மாத வேலை. இன்று மதியம் ஹெட்மாஸ்டர் முன்னால் பந்தயம். குருவியின் வண்டி அம்பு மாதிரி பாய்ந்து ஜெயித்தது.

"யாராவது கேலி பண்ணாங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

டீச்சருக்கு உள்ளுக்குள் உறுத்தியது. பக்கத்துச் சின்ன நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"சரி, உண்மையைச் சொல்லிடறேன். நேத்து நீங்க எல்லாம் போனப்புறம் ஒவ்வொரு வண்டியா ஓட்டிப் பார்த்தேன். உன்னோடது கோணிக்கிட்டே போச்சு. முன்சக்கரக் குச்சியைச் சாய்ச்சு மாட்டியிருந்தே. நான்தான் நேராக்கி, பசை வெச்சு இறுக்கிட்டேன். ஹெட்மாஸ்டர் முன்னாடி நம்ம வகுப்பு மானம் கப்பலேறிடக் கூடாதேன்னு..."

"தெரியும் டீச்சர். விட்டவுடனே தெரிஞ்சுது."

"உன் சொந்தக் கையால ஜெயிக்கலைன்னு வருத்தமா? தப்புதான். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"குச்சி மாட்டினப்பவே உங்ககிட்ட சொல்ல வந்தேன். 'இடத்துல போய் உட்காரு, அப்புறம் சொல்லலாம்'னீங்க."

டீச்சருக்கு அது நினைவிலேயே இல்லை. பதினெட்டு வருடத்தில் எத்தனை பிஞ்சுக் கைகளிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கி, 'இப்படி வெட்டணும்' என்று தானே வெட்டிக் கொடுத்திருப்போம்?

வண்டியை எடுத்து, பசையை நகத்தால் பெயர்த்துப் பார்த்தார்.

"வேணாம் டீச்சர், அட்டை கிழியுது."

"திங்கட்கிழமை புதுசா ஒண்ணு செய்வோம். நான் தொடக்கூட மாட்டேன். சரியா?"

"இன்னிக்குக் கொண்டு வரேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேனே."

"அட, இதையே கொடு! நம்ம பள்ளிக்கூடத்துலயே நேரா ஓடற வண்டி. தம்பி துள்ளிக் குதிக்க மாட்டானா?"

குருவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பிக்கு நடக்க வராது டீச்சர். அவன் உட்கார்ந்த இடத்துலேருந்து விட்டா, வட்டம் போட்டு அவன்கிட்டயே திரும்பி வரணும்னுதான் குச்சியைச் சாய்ச்சு மாட்டினேன்."