எண்பத்து நாலு கிலோவைத் தூக்கியவன்

எண்பத்து நாலு கிலோ எடையுள்ள என்னை ஒற்றை ஆளாகத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினான் என் பேரன். அப்போது அவனுக்கு வயது ஒன்பது மாதம், பல் நாலு. சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

முடிந்ததா? சரி. அதற்கு ஆறு வாரம் முன்னால் ஒரு நாள், ஹாலில் நான் குப்புறக் கிடந்தேன். எதிரே பேரன் காலை நீட்டி உட்கார்ந்து, எச்சில் ஒழுக, சூப்பர்வைசர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தலையத் தூக்குங்கப்பா. நெஞ்சும் மேல வரணும்,” என்று சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் படித்தாள் என் மகள்.

“என் நெஞ்சு எதுக்கும்மா வரணும்? அவன் நெஞ்சு வரட்டும்.”

“நீங்க செஞ்சு காட்டினாத்தானே பாத்துக் கத்துப்பான்?”

நியாயம்தான். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து பாதி ஊரை ஏற்றி இறக்கியவன் நான். எட்டு கிலோவை ஓரடி நகர்த்த முடியாதா?

அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தது, முந்தின நாள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண். எனக்கு அந்தக் கூட்டத்தையே கண்டால் ஆகாது. போன வருஷம் கால் முறிந்து கட்டுப் பிரித்த பிறகு, ‘நடங்க, நடங்க’ என்று என்னைப் பிடுங்கி எடுக்க வந்த மூன்று பேரை மூன்றே நாளில் துரத்திவிட்டு, வாக்கரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவன் நான். இது பேரன் இன்னும் தவழாத விஷயம் என்பதால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். மகளிடம் மெதுவாக, “எனக்கென்னமோ நடக்கும்னு தோணலக்கா” என்றாள்.

வந்ததே கோபம் எனக்கு! “ஏழரை மாசத்துல எந்தப் புள்ளம்மா நடக்குது? முதல்ல தவழட்டும்!”

அவளுக்கு ஏனோ திடீரென்று இருமல் வந்துவிட்டது.

அவள் போன பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஆறு வாரத்துல ஒரு முன்னேற்றமும் இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணுமாம்பா.”

அந்தப் பிஞ்சை மிஷினுக்கும் ஊசிக்கும் நடுவிலா படுக்க வைப்பது? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது.

தினம் மூன்று வேளை ஆரம்பித்தோம். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கு. முட்டி போட்டுக் கையூன்றி முன்னும் பின்னும் ஆடு. பந்தைத் துரத்தித் தவழ். சோபாவைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி எழு. எல்லாம் பத்துப் பத்துத் தடவை. பழக்கதோஷம், நான் மாடிக் கணக்கில்தான் எண்ணுவேன்.

“அஞ்சாவது மாடியில கரண்ட் போச்சும்மா.”

“ஜெனரேட்டர் போடுங்கப்பா. இன்னும் அஞ்சு மாடி இருக்கு.”

என்னைத் தரையில் இறக்குவதே ஒரு திருவிழா. மகள் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். திரும்ப மேலே ஏற்றுவதற்கு எதிர்வீட்டுக்காரரும் வந்து தம் பிடிப்பார். மூன்றாவது வாரம் எதிர்வீட்டுக்காரர் வருவதை நிறுத்திக்கொண்டார். ஐந்தாவது வாரம் மாப்பிள்ளையையும் காணோம். அவர்களுக்கு என்மேல் என்ன மனத்தாங்கலோ!

பேரனோ அங்குலம் அசையவில்லை. நான் தவழத் தவழக் கெக்கெக்கே என்று சிரித்ததோடு சரி. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தட்டுதான் சாப்பிட்டேன்.

கெடு முடிகிற நாளில் அந்தப் பெண் வந்தாள். வாசல் கதவைச் சாத்தாமலே பைக்குள் எதையோ தேடினாள். மகள் சமையலறையில் இருந்தாள். நான் தரையில், எட்டாவது மாடியில் இருந்தேன்.

என் கை பட்டுப் பந்து உருண்டது. ஹாலைத் தாண்டியது, வாசலைத் தாண்டியது, வெளியே படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. அதன் பின்னாலேயே, நாலு காலில், எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தில் கிளம்பினான் என் பேரன்!

“ஐயையோ, படி!”

எப்படி எழுந்தேன், எப்படிப் போனேன், எனக்கே தெரியாது. முதல் படிக்கு நாலு விரல் இருக்கும்போது அவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

“தவழ்ந்துட்டான்! ஆஸ்பத்திரியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!” என்று அடுக்குமாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

மகள் அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். குழந்தை பத்திரம் என்று கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அவளும் அந்தப் பெண்ணும் என் காலைப் பார்த்தார்கள். பிறகு, ஹாலின் அந்தக் கோடியில் தன்னந்தனியாக நின்ற என் வாக்கரைப் பார்த்தார்கள்.

“என்னம்மா இப்படி முழிக்கிற? புள்ள தவழ்ந்திருக்கான், கை தட்ட வேணாமா?”

“அவன் போன மாசமே தவழ்ந்துட்டான்பா.” மகள் குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நீங்க மத்தியானம் தூங்கறப்ப வீடு பூரா சுத்துவான். நீங்க தவழறப்பதான் உக்காந்து வேடிக்கை பாப்பான்.”

நான் பிசியோ பெண்ணின் பக்கம் திரும்பினேன். “அப்புறம் எதுக்கும்மா அன்னிக்கு, நடக்கும்னு தோணலன்னு சொன்ன?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அது உங்களச் சொன்னேன் சார்… நடந்துட்டீங்க!”